முகத்தைப் போட்டு நாறடிக்கலாமா? குற்றவாளிகளைச் சமூக வலைதளத்தில் அம்பலப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் கை வைத்தவன், பஸ்ஸில் உரசியவன், சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர், வண்டியில் இடித்துவிட்டு நிற்காமல் போனவர். இவர்களில் யாரோ ஒருவருடைய படம் இப்போது உங்கள் போனில் இருக்கலாம். "இவனை விடக் கூடாது, ஊருக்கே காட்டணும்" என்று கை பரபரக்கும். அந்தக் கோபம் நியாயமானது, அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படத்தைப் போட்ட பிறகு என்ன நடக்கும், யார் மேல் அடி விழும், சட்டம் உங்களை எங்கே நிறுத்தும் என்பது தெரிந்த பிறகு முடிவெடுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்களை அதன்படியே கொடுத்திருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் இந்தப் பக்கம் போதாது, ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

என் கடையில் திருடியவர் சிசிடிவியில் தெளிவாகத் தெரிகிறார். படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாமா?

போடுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் என்று ஒன்று இல்லை. ஆனால் போட்ட அடுத்த நிமிடமே, அவர் திருடினார் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. ஒருவரைத் "திருடன்" என்று பலர் பார்க்கச் சொல்வது அவருடைய நற்பெயரைக் கெடுப்பது. அதற்குப் பிரிவு 356இன் கீழ் அவதூறு வழக்குப் போடலாம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. இது தவிர, சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடும் கேட்கலாம்.

சிசிடிவி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் பாருங்கள். ஒரு பெண் சோப்பு டப்பாவை எடுத்துப் பையில் போடுவது தெரிகிறது. கல்லாவில் அதை வெளியே எடுத்து வைத்தாரா என்பது அந்தக் கேமராவில் விழுந்திருக்காது. வேறு கேமராவில் விழுந்திருக்கலாம், அல்லது எந்தக் கேமராவிலும் இல்லாமல் போயிருக்கலாம். போலீஸ் விசாரணையில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி இருக்கிறது. ரீல்ஸில் அந்த வழி கிடையாது.

மற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்றால் ஆளை விட்டுவிட்டு முறையைச் சொல்லுங்கள். "நகைக்கு பாலிஷ் போடுகிறோம் என்று இரண்டு பேர் வருகிறார்கள், மத்தியானம் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்க்கிறார்கள், கதவைத் திறக்காதீர்கள்" என்று எழுதினால் தெருவே உஷாராகிவிடும். அதில் யாருடைய முகமும் தேவைப்படவில்லை.

நான் சொல்வது உண்மை. உண்மையைச் சொன்னால் எப்படி அவதூறாகும்?

பலரும் சறுக்குவது இங்கேதான். கிரிமினல் அவதூறில் உண்மை என்பது மட்டும் போதாது. அந்த உண்மையைச் சொன்னது பொது நன்மைக்காக என்பதையும் காட்ட வேண்டும். அவதூறுக்கான விதிவிலக்குகளில் முதலாவதே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2016இல் சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைனில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் ரத்தானதை வைத்து "இனி ஆன்லைனில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. ரத்தானது அந்த ஒரு பிரிவுதான், அவதூறு அப்படியே இருக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று கேட்பீர்கள். சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்தது என்று பொருள். நல்ல மனசு இருந்தால் மட்டும் ஆகாது, விசாரித்தீர்களா என்று கேட்பார்கள்.

இதில் ஒரு வித்தியாசம் முக்கியம். "இன்னார் என் பொருளைத் திருடினார் என்று சந்தேகிக்கிறேன்" என்ற அதே வாக்கியத்தை நல்லெண்ணத்தோடு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் அவதூறு ஆகாது, அதற்கென்றே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஃபேஸ்புக்கில் எழுதினால் அந்தக் குடை உங்களுக்குக் கிடையாது.

முகத்தைப் போட்டால் போலீசுக்கு உதவிதானே?

சில சமயம் உதவி, பல சமயம் கேஸைக் கெடுக்கும் வேலை. முன்பின் தெரியாத ஒருவர் குற்றம் செய்தால், சாட்சி அவரை அடையாளம் காட்டுவதற்கு மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் உள்ள பலரோடு சந்தேக நபரையும் நிறுத்தி, "இவர்களில் யார்?" என்று கேட்பார்கள். அதற்கு முந்தின வாரமே அந்த முகம் எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நீங்கள் இவரைச் சம்பவ இடத்தில் பார்த்ததை வைத்துக் காட்டினீர்களா, போனில் பார்த்ததை வைத்தா?" அதற்குச் சாட்சியிடம் நல்ல பதில் இருக்காது. படத்தை முன்கூட்டியே வெளியிட்டதால் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பே இல்லாமல் போன வழக்குகள் உண்டு. உண்மையான குற்றவாளிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், தலைமறைவாக ஓடப் பார்க்கிறவருக்கு அந்தப் பதிவே முன்னெச்சரிக்கை. வீடியோ உங்களிடம் இருந்தால் அசல் கோப்பை அழிக்காமல், வெட்டாமல், ஃபில்டர் போடாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் தரம் குறையும், கோப்பின் விவரங்கள் மாறும். பென் டிரைவில் கொடுத்துவிட்டு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸே தேடப்படும் நபர் என்று படத்தை வெளியிட்டிருந்தால் அந்தப் பதிவை அப்படியே பகிரலாம். உங்கள் சொந்தச் சரக்கு எதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

ஆள் மாறிப்போவது அவ்வளவு நடக்குமா என்ன?

நடக்கிறது, அதுவும் எல்லோரும் உறுதியாக இருக்கும்போதே நடக்கிறது.

2015 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோ ரயிலில் சீருடையில் இருந்த ஒரு காவலர் தள்ளாடித் தள்ளாடி விழும் வீடியோ பரவியது. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்திருக்கிறான் என்று நாடே சிரித்தது. அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, சில ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர் அவர். வேலை திரும்பக் கிடைத்தது. மானத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அதே மாதம் டெல்லி திலக் நகர் சிக்னலில் பைக்கில் வந்த ஒரு இளைஞருக்கும் கல்லூரி மாணவி ஒருவருக்கும் வாக்குவாதம். தன்னிடம் ஆபாசமாகப் பேசினார் என்று அந்த மாணவி இளைஞரின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். தொலைக்காட்சிகள் தீர்ப்பையே எழுதிவிட்டன. வழக்கு 4 ஆண்டு நடந்தது. 2019 அக்டோபரில் கோர்ட் அந்த இளைஞரை விடுதலை செய்தது. 4 ஆண்டு என்பது ஒரு இளைஞனின் வாழ்க்கையில் எந்த 4 ஆண்டு என்று யோசித்துப் பாருங்கள். வேலை தேடும் வயசு, கல்யாணம் பேசும் வயசு.

அமெரிக்காவில் 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து படங்களை அலசி, காணாமல் போயிருந்த ஒரு இந்திய வம்சாவளி மாணவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் வசவு மழை. சில நாளில் அவர் உடல் ஒரு ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ரெடிட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று தோன்றலாம். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு தெரு வாட்ஸாப் குழுவில் 11 நொடி வீடியோ ஒன்று வந்தது. இரவு நேரம், கேமராவின் ஒரு ஓரத்தில் சிலந்தி வலை ஆடுகிறது. நீலச் சட்டை போட்ட ஒரு பையன் ஒரு வீட்டு வாசலில் நின்ற சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறான். "சைக்கிள் திருடன், எல்லோரும் உஷார்" என்று கீழே எழுதியிருந்தது. பூட்டிய சைக்கிளைத் தோளில் தூக்கிப் போகிறவன் திருடன் இல்லாமல் வேறு யார் என்றுதான் எனக்கும் தோன்றியது. நான் அதை மேலும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் டியூஷன் டீச்சர் சொன்னார்: சைக்கிள் அவனுடையதேதான். சாவி தொலைந்துவிட்டது, பூட்டை உடைக்க மனசில்லாமல் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே போயிருக்கிறான். அவன் படித்தது ஒன்பதாம் வகுப்பு. அதன் பிறகு இரண்டு வாரம் டியூஷனுக்கு வரவில்லை. நான் அனுப்பிய குழுக்களில் ஒன்றில் மறுப்பு எழுதினேன், நாலு பேர் பார்த்தார்கள். இன்னொரு குழுவிலிருந்து அதற்குள் அந்த வீடியோ வேறு எங்கெங்கோ போய்விட்டது.

நான் எழுதவில்லை, வந்ததை ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன். அதுவும் குற்றமா?

ஆகலாம். நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கு நம் ஊரிலேயே நடந்தது. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை அவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியது வேறொருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டேன் என்பது அவர் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றமும் அதன்பின் 2023இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தன. 2024 பிப்ரவரியில் சென்னையில் உள்ள சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அது குற்றவாளியை அம்பலப்படுத்திய பதிவு இல்லைதான், ஆனால் பகிர்ந்தவர் பொறுப்பு என்ற விஷயம் இரண்டுக்கும் ஒன்றே.

குரூப் அட்மினை உள்ளே வைப்பார்களா?

அட்மினாக இருப்பதற்காக மட்டும் முடியாது. 2021இல் கரூர் வக்கீல்களின் வாட்ஸாப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படித்தான் சொன்னது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் அதே கருத்தைச் சொன்னது. உறுப்பினரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி வேண்டும் என்றுதான் அவர் படத்தையும் சேர்த்துப் போட்டேன். அதில் என்ன தப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பிரிவு 72இன்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அனுதாபத்தில் செய்தேன் என்பது பதிலாகாது. பெயரை மறைத்துவிட்டு ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில் என்று துண்டு துண்டாகக் கொடுத்தாலும் அடையாளம்தான். மறைமுகமாகக்கூட வெளியிடக் கூடாது, இறந்துபோனவராக இருந்தாலும் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவர் கொல்லப்பட்டபோது, அவருக்காக நீதி கேட்டவர்களே அவர் பெயரை ஹேஷ்டேக் ஆக்கினார்கள். எல்லாத் தளங்களிலிருந்தும் பெயரையும் படங்களையும் நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது.

குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்னும் கறாரானது. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் சொல்லக் கூடாது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் பலர் யோசிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தையின் மாமாவாகவோ வளர்ப்புத் தந்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால், அவர் முகத்தைப் போட்ட உடனே குழந்தை யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அவனை நாறடிக்கப் போய் அந்தப் பிஞ்சைச் சந்தியில் நிறுத்திவிடுவீர்கள்.

தமிழ்நாட்டிலேயே இரண்டு முறை இதற்கு விலை கட்டியிருக்கிறார்கள். பொள்ளாச்சி வழக்கில் பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியானதற்காக 2019 மார்ச்சில் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆர் கசிந்ததற்காக 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி அதே 25 லட்சத்தை அரசு தர வேண்டும் என்றது. அந்த எஃப்ஐஆரைப் பதிவிறக்கி, "பாருங்கள் என்ன கொடுமை" என்று பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றவர்கள்தான். அதை நினைத்தால்தான் மனசு இன்னும் கனக்கிறது.

குற்றம் செய்தது 17 வயதுப் பையன். இவனையும் காட்டக் கூடாதா?

கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பெயர், படம், பள்ளி எதுவும் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்த்தால் பெரியவன் மாதிரி இருந்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள்.

பிடித்து வைத்துத் தர்ம அடி கொடுக்கும் வீடியோவைப் பகிரலாமா?

வேண்டாம். அதில் அடி வாங்குபவர் திருடனோ இல்லையோ, அடிப்பவர்கள் செய்வது கண்டிப்பாகக் குற்றம். எடுத்தவர் கையில் இருப்பது அந்தக் குற்றத்தின் சாட்சியம்.

2018 பிப்ரவரி 22. கோவையிலிருந்து மலை ஏறினால் வரும், கேரளத்தின் அட்டப்பாடி. கடையில் அரிசி திருடினான் என்று சொல்லி ஒரு ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். கையைக் கட்டினார்கள். அவர் நிற்கும்போது ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் இளைஞரின் கண்களைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. அன்றே அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் சொன்னது. அவர்களில் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். தாங்கள் பெருமையோடு எடுத்துப் பரப்பிய படங்களே அவர்களுக்கு எதிராக நின்றன.

அதே 2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த 65 வயது மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஏற்கெனவே வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய "கடத்தல்" வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. ஃபார்வர்டை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸாப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 2018 ஜூலையில்.

போலீஸே படம் வெளியிடுகிறது, மாவுக்கட்டோடு நிற்கவைத்துக் காட்டுகிறது. நாம் செய்தால் மட்டும் தப்பா?

அரசு செய்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2020 மார்ச்சில் லக்னோவில், போராட்டத்தில் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், படம், முகவரியோடு உத்தரப் பிரதேச அரசு தெருவில் விளம்பரப் பலகை வைத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஞாயிற்றுக்கிழமையே விசாரித்து, மறுநாள் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னது. இப்படிச் செய்ய எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை, இது அந்தரங்க உரிமையை மீறுவது என்பது காரணம்.

மாவுக்கட்டுப் படங்களைப் பார்த்துக் கைதட்டுவதும் எனக்கு ஏற்புடையதில்லை. கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்ற விளக்கத்தை நாம் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளப் பழகினால், நாளை வேறு யாரோ அப்படி வழுக்கி விழும்போது கேட்க ஆள் இருக்காது.

பாலியல் குற்றவாளிகளுக்கென்று 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு தேசியப் பட்டியலைத் தொடங்கியது. அதைக்கூடக் காவல் துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டும்தான் பார்க்க முடியும். பொதுமக்களுக்குத் திறந்துவிடவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் சட்டமே அம்பலப்படுத்தச் சொல்கிறது. தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளைக் கட்சிகள் தங்கள் இணையதளத்திலும் சமூக வலைதளப் பக்கங்களிலும் போட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் தொகுதி வேட்பாளர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இருப்பதைத் தாராளமாகப் பகிருங்கள், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி.

கோர்ட்டே தண்டித்துவிட்டது. இப்போதாவது எழுதலாமா?

தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி எழுதலாம். இதற்கு அடிப்படையான தீர்ப்பு நம் ஊர் வழக்கில் வந்ததுதான். தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுத்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கோர்ட் ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி அவர் சொந்த வாழ்க்கையைத் தோண்டினால் அந்தரங்க உரிமையில் கை வைப்பதாகும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. தூக்குக் கைதிக்குக்கூட அந்தரங்கம் உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. 2017இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோது இதையும் எடுத்துப் பேசினார்கள்.

ஆகவே "கைது", "குற்றப்பத்திரிகை", "தண்டனை" ஆகிய மூன்றையும் குழப்பாதீர்கள். கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான். மேல்முறையீட்டில் விடுதலையானால் உங்கள் பழைய பதிவையும் திருத்துங்கள். விடுதலையான பிறகும் கூகுளில் பெயரைத் தட்டினால் பழைய வழக்கே வந்து நிற்கிறது என்று கோர்ட் படி ஏறியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கவே இல்லை. வேறு என்னதான் செய்வது?

உண்மையில் பெரும்பாலான பதிவுகள் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. பெஞ்சில் நாலு மணி நேரம் உட்காரவைத்து, "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். பதிவு போடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை, எனவே வழிகளைச் சொல்கிறேன்.

புகாரை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் சீல் வாங்குங்கள். உடனே எஃப்ஐஆர் போடாவிட்டாலும் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்ய வேண்டும். மறுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், அவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 199இல் தண்டனை இருக்கிறது. இதை எடுத்துச் சொன்னாலே பேனா திறந்துவிடும் ஸ்டேஷன்கள் உண்டு. ஆன்லைன் பண மோசடி என்றால் உடனே 1930க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கதவு திறக்காதபோது, தனக்கு நடந்ததைத் தன் வாயால் பொதுவெளியில் சொல்கிற பெண்ணை நான் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு சேர்க்க மாட்டேன். மீ டூ சமயத்தில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுவித்தது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. ஆனால் அதற்காக அவர் 2 ஆண்டுக்கும் மேல் கோர்ட்டுக்கு நடந்தார். பேசப்போகிறவர்கள் தேதி, இடம், அப்போது யாரிடம் சொன்னீர்கள், அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் முதலில் சேர்த்து வையுங்கள். தனக்கு நடந்ததை ஒருவர் சொல்வது வேறு, அதைக் கேள்விப்பட்ட ஆயிரம் பேர் ஆளுக்கொரு கதை சேர்ப்பது வேறு.

"பணத்தைத் தராவிட்டால் ஃபேஸ்புக்கில் போட்டு மானத்தை வாங்குவேன்" என்று சொன்னால்?

மிரட்டிப் பணம் பறித்தல் என்று உங்கள் மேலேயே கேஸ் வரலாம், பிரிவு 308. பணம் தராவிட்டால் அவதூறாக எழுதி வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவதைச் சட்டம் தன் உதாரணங்களிலேயே வைத்திருக்கிறது. உங்களுக்கு வர வேண்டிய நியாயமான கடனே என்றாலும் வக்கீல் நோட்டீஸ்தான் சரியான வழி.

குற்றவாளியின் குடும்பப் படம், சாதி, மதம்?

கைதுச் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் அவர் மனைவியின் பக்கத்தைத் தேடிப்பிடித்து, கல்யாணப் படத்தை எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கிறோம். அந்தப் பெண் என்ன செய்தார்? அவர்களுடைய பிள்ளை மறுநாள் பள்ளிக்கு எப்படிப் போகும்? நாம் தண்டிக்க நினைத்தவர் லாக்கப்பில் இருக்கிறார், போன்கூடக் கையில் இல்லை. நம்முடைய வசவு முழுவதையும் படிப்பது வெளியே இருப்பவர்கள்தான்.

சாதியையும் மதத்தையும் இழுத்து ஒரு கூட்டத்தின் மேலேயே பழி போட்டால் பிரிவு 196, 3 ஆண்டு வரை சிறை. பட்டியலின, பழங்குடியினரை இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அம்பலப்படுத்தப்பட்டவர் அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டால், பிரிவு 108இல் தற்கொலைக்குத் தூண்டியதாக எஃப்ஐஆர் வரவும் இடம் இருக்கிறது. கோர்ட்டில் அது நிற்குமா என்பது அப்புறம், ஜாமீனுக்கு அலைவது முதலில்.

வெளிநாட்டில் இருந்து போட்டால் பிரச்சினை இல்லையே?

சிங்கப்பூரில் ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் தனிக் குற்றம். இலங்கையில் கிரிமினல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும், பொய்யான தகவலை இணையத்தில் பரப்புவதற்கு 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் உள்ள ஒருவரைப் பற்றிப் போட்டால் வழக்கு இங்கேயும் வரலாம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் தெரியவரும்.

போட்டுவிட்டேன். ஆள் மாறிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பதிவை நீக்குங்கள். சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போகாதீர்கள். எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கெல்லாம், "நான் நேற்று போட்ட வீடியோவில் இருப்பவர் குற்றம் எதுவும் செய்யவில்லை, நான் விசாரிக்காமல் போட்டது தவறு" என்று தெளிவாக எழுதுங்கள். அவர் முகத்தை அதில் மறுபடி போடாதீர்கள். பகிர்ந்தவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்பி நீக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். வழக்கு வருமோ என்ற பயம் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், ஆனால் போங்கள். நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அவன் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

என்னைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்வது?

பதிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், ஒவ்வொரு கமென்ட்டும் அதை இன்னும் மேலே தூக்கும். பதிவின் லிங்க், தேதி, நேரம், போட்டவரின் பக்கம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் செய்யுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியுங்கள். வேலை செய்யும் இடத்தில் மற்றவர் சொல்லும் முன்பு நீங்களே போய் விளக்கிவிடுங்கள். அவதூறுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் கால வரம்பு 3 ஆண்டு. நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட, பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.